தாய் சேய் நல ஆராய்ச்சி: அரசு கொடுக்கும் பணம் எங்கே போகிறது?



நான் மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஏற்காட்டை அடுத்த நாகலூர் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று மாணவர் மன்றத்தில் கேட்டபோது, செயற்கைக்கோள் பற்றியோ கைபேசி பற்றியோ எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போன காப்பிப் பருவத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அதனால் இந்தக் கட்டுரை.

அன்று தாய் சேய் நலம் பற்றிக் கணக்கெடுக்க ஒரு அக்கா கையில் டேப்லெட்டோடு வந்திருந்தார். நல்ல பனி. அம்மா காப்பிப் பழம் பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கேள்வி மேல் கேள்வி. வீட்டில் கழிப்பறை இருக்கா, அடுப்பு விறகா கேஸா, கர்ப்பத்தில் எத்தனை ஊசி போட்டீங்க என்று போய்க்கொண்டே இருந்தது. "மொத்தம் எத்தனை பிரசவம்?" என்று கேட்டதும் அப்பா "ரெண்டுங்க" என்றார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இல்லீங்க, மூணு. மூத்தது பொண்ணு, தங்கல" என்றார்.

எனக்கு ஓர் அக்கா உண்டு என்று தெரியும். அவளுக்கும் மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

அந்த அக்கா எழுதிக்கொண்டு எழுந்தபோது அப்பா கேட்டார்: "எத்தனையோ பேரு வந்து எழுதிட்டுப் போயிட்டாங்கம்மா. எழுதிட்டுப் போறதால எங்களுக்கு என்ன? அந்தக் காசுக்கு நாலு மாத்திரை சேத்துக் குடுத்தா ஆகாதா?" அவர் பாவம், "எனக்கும் தெரியலீங்கய்யா, நான் நாள் சம்பளத்துக்கு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அப்பா கேட்டது நியாயமான கேள்விதானே? அதற்குப் பதில் தேடி நூலகத்திலும் ஆசிரியர்களிடமும் நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. சேவை வேறு, ஆராய்ச்சி வேறா?

கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது, தடுப்பூசி போடுவது, பிரசவம் பார்ப்பது, பிறந்த குழந்தையை எடை போடுவது ஆகியவை சேவை. இதில் எதைக் கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும், கொடுத்தது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தும் பலன் இல்லையென்றால் ஏன் என்று கேட்டு, அளந்து, பதில் சொல்வது ஆராய்ச்சி.

ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய், சுண்டெலி என்றுதான் நமக்குத் தோன்றும். அதுவும் உண்டு. ஆனால் தாய் சேய் நலத்தில் பாதி ஆராய்ச்சி கிராமத்துத் திண்ணையில்தான் நடக்கிறது. நம் பட்டறையில் ஒரு சர்க்யூட்டைக் கட்டிவிட்டு, மீட்டர் வைத்துப் பார்க்காமல் "வேலை செய்யும் சார்" என்று சொன்னால் ஆசிரியர் ஒத்துக்கொள்வாரா? சேவைக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள உறவு அதுதான்.

2. பணம் யார் கொடுக்கிறார்கள்?

நம் நாட்டில் மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கி நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. 1911-ல் ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் என்று ஒன்று தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1949-ல் அதுவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆயிற்று. ஐ.சி.எம்.ஆர். என்று கொரோனா காலத்தில் தினமும் செய்தியில் கேட்டோமே, அதுதான். 2007-ல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் சுகாதார ஆராய்ச்சிக்கென்று தனித் துறையே உண்டாக்கினார்கள். பட்ஜெட் பணம் அந்தத் துறை வழியாக இந்தக் கழகத்துக்கு வருகிறது.

எவ்வளவு? 2024-25 மத்திய பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்துக்கு மொத்தம் சுமார் 90,959 கோடி ரூபாய். அதில் ஆராய்ச்சித் துறைக்குச் சுமார் 3,302 கோடி. கால்குலேட்டரில் வகுத்துப் பாருங்கள். 100 ரூபாயில் 3 ரூபாய் 63 காசு வரும். காசநோய், புற்றுநோய், மலேரியா என்று எல்லா நோய்க்கும் சேர்த்துத்தான் அந்த 3 ரூபாய் 63 காசு. தாய்க்கும் சேய்க்கும் அதில் ஒரு பங்கு. மாத்திரைக்கான காசை ஆராய்ச்சி தின்றுவிடுகிறது என்று அப்பா நினைத்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். "இவ்வளவுதானா?" என்றார்.

இந்தப் பணம் இரண்டு வழியில் செலவாகிறது. ஒன்று, கழகத்தின் சொந்த நிறுவனங்களுக்கு. சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், மும்பையில் இனப்பெருக்க மற்றும் குழந்தை நல ஆராய்ச்சிக்கென்று ஒரு நிறுவனம் இப்படி. இன்னொன்று, மருத்துவக் கல்லூரிகளுக்கும் மற்ற நிறுவனங்களுக்கும் கொடுக்கும் மானியம். ஒரு டாக்டர் என்ன கேள்வி, எப்படி அளப்பேன், எத்தனை பேரை அளப்பேன், எவ்வளவு செலவு என்று திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். நிபுணர் குழு அதைப் பார்க்கும். மக்களுக்குத் தீங்கு வராது என்று அறநெறிக் குழு ஒப்புதல் தர வேண்டும். பிறகு ஆண்டுதோறும் தவணையாகப் பணம் வரும். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. நம் விடுதி மெஸ் கமிட்டி பில் காட்டினால்தான் அடுத்த அட்வான்ஸ் வாங்க முடியும், அது மாதிரி.

வேறு நாட்டு அரசுகளின் பணமும் வந்திருக்கிறது. நம் சேலம் மாவட்டத்துக்கே வந்தது. 1981-ல் டென்மார்க் அரசின் 'டேனிடா' உதவித் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட இரண்டு மாவட்டங்கள் சேலமும் தென்னாற்காடும்தான். (நாமக்கல் அப்போது நம் மாவட்டத்திலேயே இருந்தது.) துணை சுகாதார நிலையக் கட்டடம், செவிலியர் பயிற்சி என்று அது கிராமத்துச் சேவைக்கு வந்த பணம்.

3. குன்னூரில் ஓர் அறையும் சேலத்துப் பிள்ளையும்

1918-ல் நீலகிரி மலையில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் 'பெரிபெரி' நோயை ஆராயத் தொடங்கினார். உணவில் சத்துக் குறைந்தால் வரும் நோய் அது. அந்த ஓர் அறைதான் வளர்ந்து வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

அதே 1918-ஆம் ஆண்டு நம் சேலத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அவர்தான் டாக்டர் சி. கோபாலன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அதே நிறுவனத்தின் இயக்குநராகி, பிறகு ஐ.சி.எம்.ஆர். தலைமை இயக்குநராகவும் இருந்தார். இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். 2019-ல், நூறு வயதைக் கடந்து மறைந்தார். சேலத்தில் பேருந்து ஏறி இறங்கும் நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? எனக்கும் இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும் வரை தெரியாது.

அவர் செய்த ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். 1960-களில் உலகம் முழுக்க ஒரு பேச்சு இருந்தது. ஏழைக் குழந்தைகள் மெலிவதற்குக் காரணம் புரதக் குறைவு, அதனால் விலை உயர்ந்த புரத மாவு செய்து கொடுக்க வேண்டும் என்றார்கள். கோபாலனும் அவர் கூட்டாளிகளும் நம் குழந்தைகள் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாக அளந்து பார்த்தார்கள். நம் ஊர் தானியமும் பருப்பும் சேர்ந்த சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட்டால் பெரும்பாலான குழந்தைக்குப் புரதம் தானாகவே கிடைத்துவிடும், குறைவது சாப்பாட்டின் அளவு என்று கண்டார்கள். பிள்ளைக்கு வேண்டியது டப்பா மாவு இல்லை, இன்னொரு கரண்டி களியும் குழம்பும்தான்.

எங்கள் ஆயா இதைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஒரு படிப்பா? எனக்கே தெரியுமே" என்று சிரித்தார். ஆயாவுக்குத் தெரியும். ஆனால் அரசாங்கம் கோடிக்கணக்கில் செலவு செய்யும்போது ஆயா சொன்னார் என்று எழுதி வைக்க முடியாது. அளந்து காட்ட வேண்டும். அளக்காமல் இருந்திருந்தால் ஏழை நாட்டுப் பணம் டப்பா மாவுக்குப் போயிருக்கும்.

4. மாத்திரை இருந்தும் சோகை ஏன்?

பள்ளிக்கூடத்தில் வியாழக்கிழமை நீல நிற மாத்திரை கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வாயில் போட்ட மாதிரி பாவனை செய்துவிட்டு ஜன்னல் வழியாக எறிந்துவிடுவோம். நானும்தான். உண்மையை ஒத்துக்கொள்கிறேன்.

அதே இரும்புச்சத்துத் திட்டம் கர்ப்பிணிகளுக்கு 1970-லேயே தொடங்கியது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் அரை மில்லிகிராம் போலிக் அமிலமும். பதினைந்து ஆண்டு கழித்து ஐ.சி.எம்.ஆர். பல மாநிலங்களில் போய்ப் பார்த்தபோது சோகை குறையவே இல்லை என்று தெரிந்தது. மாத்திரை எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. சேர்ந்தவர்களும் முழுவதும் சாப்பிடவில்லை. அதன் பிறகு 1991-ல் திட்டத்தை மாற்றினார்கள். இரும்பின் அளவு 100 மில்லிகிராம் ஆனது. பிறகு 2018-ல் 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தில் மறுபடி 60 மில்லிகிராம் என்று வைத்து, கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் என்று நாட்களைக் கூட்டினார்கள்.

இப்போதும் முடிந்துவிடவில்லை. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99-க்கு மேல் மருத்துவமனையில் நடக்கிறது. ஆனால் கர்ப்பிணிகளில் 100-க்கு 48 பேருக்குச் சோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57. ஆஸ்பத்திரி வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டோம், ரத்தத்தைச் சேர்க்க முடியவில்லை. மாத்திரை சாப்பிட்டால் வயிறு பிரட்டுகிறதா, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயமா, எஸ்டேட் வேலைக்குப் போகும் அவசரத்தில் மறதியா, டீயோடு சேர்த்துக் குடிக்கிறார்களா? இதைக் கேட்டு அறிவதும் ஆராய்ச்சிதான். "நாலு மாத்திரை சேத்துக் குடுத்தா ஆகாதா" என்ற அப்பாவின் கேள்விக்கு இந்த அத்தியாயமே பதில். சேர்த்துக் கொடுத்தார்கள், ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று பார்க்கத்தான் அந்தக் காசு.

5. ஒப்பிட்டால்தான் உண்மை

ஒரு மருந்தோ ஒரு முறையோ பலன் தருகிறது என்று எப்படிச் சொல்வது? கொடுத்த இடத்தையும் கொடுக்காத இடத்தையும் ஒப்பிட வேண்டும். நம் ஆய்வகத்தில் ஒரு மீட்டரை நிலையான மீட்டரோடு வைத்துச் சரிபார்ப்பதுபோல.

மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்ற காட்டு மாவட்டம். அங்கே அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதியர் 39 கிராமங்களில், ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தையை வீட்டில் வந்து பார்க்க வைத்தார்கள். எடை போடுவது, உடம்பைச் சூடாக வைப்பது, தாய்ப்பால், மூச்சு பார்ப்பது, சீழ்த்தொற்று வந்தால் மருந்து. பக்கத்தில் 47 கிராமங்களில் வழக்கமான சேவை மட்டும். இரண்டையும் ஒப்பிட்டு 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். பச்சைக் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர் இல்லாத ஊர்களில்!

அந்த முதல் சோதனை தொண்டு நிறுவன முயற்சி. அரசு ஆராய்ச்சிப் பணம் எங்கே வந்தது? ஒரு மாவட்டத்தில் நடந்தது மற்ற இடத்தில் நடக்குமா என்று ஐ.சி.எம்.ஆர். ஐந்து மாநிலங்களில் மறுபடி சோதித்தது. 2011-ல் அது நாடு முழுவதற்குமான திட்டமாகி, ஆஷா பணியாளர்களின் வேலையாயிற்று. தமிழ்நாட்டில் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் ஆஷா உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் குழந்தை பிறந்தால் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள் என்று ஆஷா அக்கா வருகிறாரே, அந்த நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? அவருக்கே தெரியாது. நான் சொன்னதும், "அட, என் வேலைக்குப் பின்னாடி இவ்வளவு கதையா பாப்பா!" என்றார்.

6. முள் பூச்சியத்தில் இல்லை

இனி எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அக்காவுக்குப் போன வருடம் குழந்தை பிறந்தது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. டிஜிட்டல் எடை மெஷினில் பேட்டரி தீர்ந்து போயிருந்ததால் பழைய முள் மெஷினை எடுத்தார்கள். குழந்தை எடை 2.5 கிலோ என்று எழுதினார்கள். 2.5 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடை குறைந்த குழந்தை. சரியாக எல்லையில் நின்றதால் எல்லாருக்கும் நிம்மதி.

குழந்தையை எடுத்த பிறகு நான் தட்டைப் பார்த்தேன். தட்டில் ஒன்றும் இல்லை. முள் 300 கிராமில் நின்றது.

அதற்கு முந்தின பருவத்தில்தான் நாம் அளவீட்டுக் கருவிகள் பாடத்தில் பூச்சியப் பிழை படித்தோம். செய்முறைத் தேர்வில் அதைக் கழிக்க மறந்து எனக்கு நாலு மார்க் போனது. அதனால் மறக்கவே மறக்காது. தயங்கித் தயங்கி, "சிஸ்டர், முள்ளு சைபர்ல இல்லீங்களே" என்றேன். அவர் கோபப்படவில்லை. குனிந்து பார்த்தார், திருகாணியைத் திருப்பி முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார், குழந்தையை மறுபடி போட்டார். 2.2 கிலோ.

இந்த 300 கிராமில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2019-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு ஹரியானாவில் நடந்தது. ஒன்றரைக் கிலோ முதல் 2.25 கிலோ வரை உள்ள 8,402 குழந்தைகள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவில் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும் 'கங்காரு' முறையை வீட்டிலேயே செய்ய உதவினார்கள். இந்தப் பிரிவில் 28 நாளுக்குள் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைவு. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நார்வே நாட்டின் அரசு ஆராய்ச்சி மன்றமும் அங்குள்ள ஒரு பல்கலைக்கழகமும். கங்காரு முறையே 1978-ல் கொலம்பியா நாட்டில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் பிறந்தது.

எங்கள் குழந்தை 2.5 என்று எழுதப்பட்டிருந்தால் யாரும் அந்த முறையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். 2.2 என்று தெரிந்ததால் சிஸ்டர் அக்காவுக்குக் கற்றுக் கொடுத்தார். அக்கா அசந்து தூங்கும் நேரத்தில் மாமா சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை மார்பில் கட்டிக்கொள்வார். ஊரில் கொஞ்சம் கிண்டல் பண்ணினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. இப்போது குழந்தை திண்ணையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

கொலம்பியாவில் யோசனை, நார்வே பணம், ஹரியானாத் தாய்மார் கொடுத்த பதில்கள், நாகலூரில் ஒரு குழந்தை. ஹரியானாவிலும் ஏதோ ஒரு அப்பா, "எழுதிட்டுப் போறதால எங்களுக்கு என்ன?" என்று கேட்டிருப்பார். அவர் வீட்டார் சொன்ன பதில் எங்களுக்குப் பயன்பட்டது. ஆராய்ச்சியின் பலன் பல நேரம் பதில் சொன்னவருக்குக் கிடைப்பதில்லை, இன்னொருவர் வீட்டுக்குப் போகிறது. இதில் ஒரு நன்றிக்கடன் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

7. மூன்று தாமதங்கள்

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அது விதி என்று விட்டுவிடாமல், ஏன் இறந்தாள் என்று ஒவ்வொரு மரணத்தையும் விசாரிக்கும் முறையைத் தமிழ்நாடு 1990-களிலேயே தொடங்கியது. மற்ற பல மாநிலங்களுக்கு இதில் நாம் முன்னோடி. 1994-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் இந்த மரணங்களை ஆராய்ந்து 'மூன்று தாமதம்' என்று ஒரு பாடம் சொன்னார்கள்.

முதல் தாமதம்: போகலாமா வேண்டாமா என்று வீட்டில் முடிவெடுக்க ஆகும் நேரம்.
இரண்டாவது தாமதம்: மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஆகும் நேரம்.
மூன்றாவது தாமதம்: போய்ச் சேர்ந்த பின் சரியான சிகிச்சை கிடைக்க ஆகும் நேரம்.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்குக் கிராம செவிலியரின் அறிவுரை. இரண்டாவதற்கு 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸ். மலைப் பகுதிகளில் பிரசவ நாளுக்கு முன்பே வந்து தங்கக் காத்திருப்பு அறைகள். மூன்றாவதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 24 மணி நேரமும் நர்சு, ரத்தம், மருந்து. இப்படி அறிந்து செய்ததில், தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு (2001-03), 54 ஆகக் குறைந்தது (2018-20). அதே காலத்தில் இந்தியா முழுவதற்கும் 301-லிருந்து 97. இவ்வளவும் ஆராய்ச்சியால் மட்டும் நடந்தது என்று சொல்ல வரவில்லை. ரோடு போட்டவர், நர்சு வேலைக்கு ஆள் எடுத்தவர், பெண் பிள்ளையைப் படிக்க அனுப்பியவர் எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆனால் எந்த இடத்தில் ஓட்டை என்று காட்டியது அந்த விசாரணைகள்தான்.

இந்தப் பாடத்தைப் படித்த ராத்திரி அம்மாவிடம் மூத்தவளைப் பற்றிக் கேட்டேன். அம்மா சொன்னார். அப்போது ஆம்புலன்ஸ் கிடையாது. வலி வந்து ஒரு நாள் முழுக்க வீட்டிலேயே பார்த்தார்கள். பிறகு கம்பில் கம்பளியைக் கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். ஜீப் கிடைக்க நேரமாயிற்று. மலை இறங்கும் முன்பே ஜீப்பில் குழந்தை பிறந்தது. அழுதது. சேலம் போய்ச் சேரும்போது அழவில்லை. முதல் தாமதம், இரண்டாம் தாமதம் என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அது பாடம் இல்லையே. பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தக் குழந்தைக்குப் பிறப்புப் பதிவும் இல்லை, இறப்புப் பதிவும் இல்லை. எந்தக் கணக்கிலும் அவள் வரவில்லை.

8. சராசரி மறைப்பது

ரெக்டிபயர் செய்முறை ஞாபகம் இருக்கிறதா? டி.சி. வோல்ட்மீட்டரில் பார்த்தால் முள் ஆடாமல் ஒரு சராசரியைக் காட்டும். எல்லாம் சமமாக இருப்பதுபோல் தெரியும். சி.ஆர்.ஓ.வில் போட்டால்தான் மேலும் கீழும் ஏறி இறங்கும் ரிப்பிள் தெரியும்.

மாவட்டச் சராசரியும் அப்படித்தான். சேலம் மாவட்டம் என்று ஒரே எண்ணைப் போட்டால் அதில் சேலம் நகரமும் இருக்கும், எங்கள் சேர்வராயன் மலையும் இருக்கும். நகரத்தில் ஜனம் அதிகம், அதனால் எண் நகரத்தைத்தான் காட்டும். தமிழ்நாட்டு மக்களில் பழங்குடியினர் 2011 கணக்குப்படி 100-க்கு சுமார் 1 பேர்தான். மாநிலச் சராசரியில் நாங்கள் காணாமலே போய்விடுவோம். நாடு முழுவதும் 10 கோடிக்கு மேல் பழங்குடியினர் இருந்தும், அவர்கள் உடல்நலம் பற்றிய தனிக் கணக்கு போதவில்லை என்று, அதே அபய் பங் தலைமையில் அரசு அமைத்த நிபுணர் குழு 2018-ல் அறிக்கை கொடுத்தது. கணக்கு இல்லாத இடத்துக்குத் திட்டம் வராது. திட்டம் இல்லாத இடத்துக்குப் பணம் வராது.

அதனால் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பதோடு, மலைக்கென்று தனியாக அளக்கவும் பணம் கேட்க வேண்டும். இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆராய்ச்சி செய்தவர்கள் முடிவைப் பதில் சொன்னவர்களிடம் திரும்பி வந்து சொல்ல வேண்டும். ஆங்கிலப் பத்திரிகையில் அச்சடித்தால் போதாது. கிராம சபையில் தமிழில் அரை மணி நேரம் பேசினால் என்ன குறைந்துவிடும்? மானியம் கொடுக்கும்போதே அதற்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கி, சொன்னால்தான் கடைசித் தவணை என்று வைக்கலாம். அப்பாவின் கேள்வியில் பாதிக்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது. மீதிப் பாதி, அதாவது "எங்களுக்கு என்ன?" என்பதற்கு, பதில் சொல்லும் கடமை ஆராய்ச்சி செய்கிறவர்களுடையது.

9. நாம் என்ன செய்யலாம்?

டிப்ளமோ படிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். டாக்டர் எழுதும் எண்ணெல்லாம் ஏதோ ஒரு கருவியிலிருந்து வருகிறது. எடை மெஷின், ரத்த அழுத்தக் கருவி, ஹீமோகுளோபின் மீட்டர், தடுப்பூசிப் பெட்டியின் வெப்பமானி. கருவி பொய் சொன்னால் ஆராய்ச்சியும் பொய் சொல்லும், சேவையும் தப்பாகப் போகும். கருவியைச் சரிபார்ப்பது நம் தொழில்.

என் யோசனைகள் இவை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுவதோடு, அனுமதி பெற்று, பக்கத்துச் சுகாதார நிலையங்களின் எடை மெஷின்களை நிலையான எடைக்கற்கள் கொண்டு சோதித்துப் பிழைப் பட்டியல் கொடுக்கலாம். நம் துறைத் தோழர்கள் இறுதியாண்டு புராஜெக்டாக, பேட்டரி தீரும் முன்பே எச்சரிக்கும் எடை மெஷின் செய்து பார்க்கலாம். சிவில் தோழர்கள் மலை ஊர்களிலிருந்து மருத்துவமனைக்கு எந்தப் பாதையில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து வரைபடம் போடலாம். இரண்டாம் தாமதம் எங்கே என்று அதில் தெரிந்துவிடும். கணக்கெடுக்க யாராவது நம் வீட்டுக்கு வந்தால் எதற்காக, யார் பணம், முடிவை எப்போது சொல்வீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை, விருப்பமில்லை என்று சொல்வதும் உரிமைதான். சொல்வதென்று முடிவு செய்தால் உண்மையைச் சொல்லுங்கள். ரெண்டை ரெண்டு என்றும் மூன்றை மூன்று என்றும் சொல்லுங்கள்.

கட்டுரையை முடித்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "அடுத்த தடவ வந்தா உக்கார வச்சு டீ குடுக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவைப் பார்த்து, "மூணுன்னே சொல்லீர்லாம்" என்றார்.

இந்தக் கட்டுரையில் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு என்னிடம் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு